நாற்பதுக்கு மேல்

"மூன்று கோடை ஆகிவிட்டது அம்மா. கோபம் தணியவில்லை," என்றார் மாசிலாமணி.

பூரணி அம்மாள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் குரு குருதான்.

"எதற்காக இங்கே வந்தீர்கள்?"

"இதைவிடச் சூடான ஊர் இல்லை என்றார்கள். உள்ளே இருப்பது எரிந்துவிடும் என்று நினைத்தேன்."

"எரிந்ததா?"

"முடி கொட்டியது."

பாலைவனத்தின் அடிப்பள்ளத்தில், கடல்மட்டத்துக்கு இருநூற்றுப் பத்து அடி கீழே கிடந்தது அந்த ஊர். கடலோ முந்நூறு மைல் தள்ளி. ஊரின் பெயர் ஏழுவீடு; வீடுகள் ஐந்து. வந்த அன்றே எண்ணிப் பார்த்து முகம் சுளித்தவர் மாசிலாமணி. முப்பது வருடம் சர்வேயராக இருந்தவர்.

"இன்னும் அந்த நாலு விரற்கடைதானா?"

"சுவர் என் மனைக்குள் வந்திருந்தது உண்மை அம்மா. சங்கிலி போட்டு அளந்தேன். 'நீ தப்பா அளந்துட்டேண்ணே' என்றான் தம்பி, ஊரார் முன்னால். என்னை."

பத்தொன்பது வருடமாகத் தம்பியின் முகத்தில் விழிப்பதில்லை என்று சத்தியம்.

அன்று நடுப்பகலில் கதவு தட்டப்பட்டது. திறந்தார். உதடு வெடித்து, தொப்பியும் துணிப்பையுமாக ஒரு கிழவர்.

"அண்ணே," என்றார் கிழவர். தம்பி சிங்காரம்.

மாசிலாமணி வாசலை மறித்து நின்றார். "போகச் சொல்லுங்கள் அம்மா."

"ஊர் வழக்கம் தெரியுமே. நாற்பது டிகிரிக்கு மேல் இருந்தால் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. கொலைக்குச் சமம். இப்போது ஐம்பத்திரண்டு."

"நாற்பதுக்குக் கீழே இறங்கினால்?"

"தாராளமாக அனுப்பலாம்."

மாசிலாமணி விலகினார்.

இருந்தது ஒரே அறை. சிங்காரம் மூன்று செம்பு தண்ணீர் குடித்தார். இரண்டு மணி நேரம் கடலை உடையும் சத்தம் மட்டும்.

"முடி எங்கேண்ணே?"

"கொட்டிப் போச்சு."

சிங்காரம் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். அங்கேயும் ஒன்றுமில்லை.

மறுபடி ஒரு மணி நேரம்.

"பேத்தி பொறந்திருக்கா. அப்படியே உன் மூக்கு. வீட்ல எல்லாருக்கும் கவலை."

மாசிலாமணி மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. சிங்காரம் செருப்பை மாட்டினார்.

"பாத்தாச்சு. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். இன்னொரு தடவை வர உடம்புல தெம்பில்லேண்ணே."

பூரணி அம்மாள் கடலையிலிருந்து தலை நிமிரவில்லை.

"வாசல் தெர்மாமீட்டரைப் பாருங்கள் மாசிலாமணி. நாற்பதுக்குக் கீழே என்றால் அவர் கிளம்பட்டும்."

மாசிலாமணி வெளியே போனார். பாதரசம் முப்பத்தெட்டில் நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பத்தெட்டுதான். கருவி சொல்லாத ஓர் எண்ணை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை, சொன்னதுமில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"எவ்வளவுண்ணே?"

"நாற்பத்தொண்ணு," என்றார் மாசிலாமணி.

சிங்காரம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"எனக்கென்னவோ நாற்பத்திமூணு மாதிரி தெரியுதுண்ணே."