பேச்சி எலி பிரித்து வைத்த நெல்

ஒரத்தநாட்டுப் பக்கம் வாத்து மேய்த்துவந்த சூசையப்பன், 1986 தை அறுவடையின்போது சொல்லக் கேட்டது இது.

ஏரிக்கரை வரப்பில் பேச்சி என்ற முதிய எலி இருந்தாள். பின்னங்கால் விழுந்துவிட்டதால் இனி வயலுக்குப் போக முடியாது. ஆனால் வளை நிறைய நெற்கதிர் சேர்த்திருந்தாள். அதை ஒரே மகள் சிட்டாளுக்கு விட்டுப்போக வேண்டும் என்பது ஆசை. இன்னும் எத்தனை காலம் உயிரோடு இருப்போம் என்பது தெரியாததால், எவ்வளவு தின்னலாம் என்பதும் தெரியவில்லை. ஆகவே தின்னாமலே கிடந்தாள். விலா எலும்பு வெளியே தெரிந்தது.

"நீ பட்டினி கிடந்து மிச்சம் பிடித்த நெல் என் தொண்டையில் இறங்குமா, அம்மா?" என்றாள் சிட்டாள். பேச்சி, பசியில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் ஏரி ஆமையிடம் போய் அழுதாள். ஆமை யோசித்து, வயதான எலிகளையெல்லாம் வரப்புக்கு அழைத்தது. எல்லாரும் கதிரைப் பொதுவளை ஒன்றில் போடுங்கள். உயிர் உள்ளவரை ஒவ்வொருவருக்கும் தினம் ஒரு கதிர் வரும். முந்திப் போகிறவர் விட்ட மிச்சம் பிந்தி இருப்பவர் வயிற்றுக்கு ஆகும் என்றது. தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டது.

"நல்ல கதையாக இருக்கிறதே, அண்ணே! எங்கள் பேரன் பேத்திகளெல்லாம் போன பிறகும் நீங்கள் வந்து கை நீட்டுவீர்கள்" என்றான் மொட்டைவாலன் என்ற கிழட்டு எலி. ஆமையும் சிரித்துவிட்டது.

பிள்ளையில்லாத மொட்டைவாலன் தன் கதிர் முழுவதையும் போட்டான். பேச்சி மட்டும் தயங்கினாள். நாளைக்கே நான் செத்தால் என் மிச்சம் மகளுக்குத் திரும்பி வருமா என்று கேட்டாள்.

"வரச்செய்யலாம், தங்கச்சி. ஆனால் எல்லாரும் அப்படிக் கேட்டால் நெடுநாள் இருப்பவருக்கு எதைப் போடுவது? தினம் வருகிற கதிர் அரைக் கதிராகிவிடும். மகளுக்கென்று நினைப்பதை முதலிலேயே பிரித்து வை. மற்றதைப் போட்டுவிட்டு மறந்துவிடு" என்றது ஆமை.

பேச்சி நெடுநேரம் மகளைப் பார்த்தாள். பிறகு கதிரைப் பிரித்தாள். ஒரு பாகம் பொதுவளைக்குப் போயிற்று. மறு பாகத்தைத் தன் வளைச் சுவருக்குள் வைத்து மண் பூசினாள். அன்று மாலை தன் பங்குக்கு வந்த முழுக் கதிரையும் உரித்துத் தின்றாள். சிட்டாள் பக்கத்தில் உட்கார்ந்து உமியை ஊதிக்கொடுத்தாள்.

அடுத்த அறுவடையையும் பேச்சி கண்டாள், அதற்கடுத்ததையும் கண்டாள். மொட்டைவாலன் முந்திப் போனான். அவன் விட்ட மிச்சத்திலிருந்து கதிர் வரும்போதெல்லாம் அவன் பெயரைச் சொல்லிவிட்டே வாயில் வைத்தாள். கடைசியில் அவளும் நிறைந்த வயிற்றோடு கண்ணை மூடினாள்.

சிட்டாள் சுவரைத் திறந்தாள். ஒரு கதிரும் குறையவில்லை. மண்ணுக்குள் நெல் முளைத்துவிடாதபடி, ஒவ்வொரு மணியின் முனையையும் தேய்ந்த பல்லால் கிள்ளி வைத்திருந்தாள் தாய். அந்தப் பல் தடத்தைத் தடவிக்கொண்டே மகள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

தன் ஆயுளுக்கு வேண்டியதைப் பலரோடு கூடிப் பகிர்ந்துகொள்பவரே, பிள்ளைக்கென்று வைத்ததைத் தொடாமல் விட்டுச் செல்ல முடியும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் சொல்பவர்கள் முடிவை மாற்றுகிறார்கள். அங்கே தாய் இருக்கும்போதே சிட்டாள் சுவரை உடைத்து, முதல் கதிரை அவளுக்கு ஊட்டுகிறாள்.