பின்பக்கத் திருஷ்டிக்கு ஓர் எலுமிச்சம்பழம்

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலையில், வாழைத்தார் ஏற்றி நின்ற பிக்கப் வண்டி கிளம்பவே மாட்டேன் என்றது. டிரைவர் சுடலைமணி சாவியைத் திருப்பத் திருப்ப, இன்ஜின் கிர் கிர்ரென்று சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. டீசல் இருந்தது, பேட்டரியும் நன்றாகத்தான் இருந்தது. இதென்னப்பா சோதனை என்று குழம்பிப்போனான்.

முதலாளி பொன்பாண்டி அண்ணாச்சி வந்து குதித்தார்.

"என் கையால பூஜை போட்ட வண்டி ஏல இது! நல்ல நேரம் முடியுறதுக்குள்ள கிளப்பு, இல்லன்னா சாவியக் குடுத்துட்டு வேற வேலை பாரு. ஆனா நான் வச்ச பூ, பழம் ஒண்ணுலயும் உன் கை படக்கூடாது!"

சுடலைமணி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்னால் குனிந்து சைலன்சரைப் பார்த்தவன், நேராக அண்ணாச்சியிடம் வந்தான்.

"அண்ணாச்சி, உங்க வாக்கு பலிக்கும். மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு, கிளம்பு கிளம்புன்னு மனசுக்குள்ள சொல்லுங்க. வண்டி கிளம்புறவரைக்கும் கைய எடுக்கப்படாது."

அண்ணாச்சியும் பக்தியாகப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கண் பிதுங்க, கையை எடுத்துவிட்டார்.

"ஏல, மூச்சு முட்டுதுல!"

"வண்டிக்கும் அதேதான் அண்ணாச்சி. புகை போற குழாய்ல யாரோ எலுமிச்சம்பழத்தத் திணிச்சிருக்காங்க. எடுக்கலாம்னா, என் கை படக்கூடாதே!"

சுமை ஏற்றியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பின்பக்கத் திருஷ்டிக்கென்று முந்தின நாள் அதைத் திணித்தவர் அண்ணாச்சியேதான். அவரே குனிந்து பிடுங்கினார். சுடலைமணி சாவியைத் திருப்ப, வண்டி உறுமிக் கிளம்பியது. கரும்புகை மொத்தமும் அவருடைய வெள்ளை வேட்டியில் அப்பியது.

"திருஷ்டி கழிஞ்சிட்டு அண்ணாச்சி!" என்று கியரைப் போட்டான் சுடலைமணி.