கண்ணீர் அளவு உப்பு

மலையடிக் காட்டில் மோழை என்றொரு காட்டெருமை இருந்தது. பிறவியிலேயே அதற்குக் கொம்பில்லை, அதனால் அந்தப் பெயர். அதன் ஒரே கன்று சுட்டி. பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஆனால் ஓரிடத்தில் நிற்காது!

மோழையின் முதுகில் மஞ்சக்காலி என்றொரு மைனா உட்கார்ந்து உண்ணி பொறுக்கித் தின்னும். தின்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேச்சு! "வாயா அது, அருவியா?" என்று மந்தையே கேலி செய்யும். மோழையும் அதன் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒருநாள் சுட்டி சேற்றுக் குட்டையில் நாறிக் கிடந்த தண்ணீரைக் குடித்துத் தொலைத்தது. மறுநாள் காலையில் பிடித்துக்கொண்டது பேதி! தண்ணீர் தண்ணீராகப் போனது. நடுநடுவே வாந்தி வேறு. வெயில் ஏறுவதற்குள் கன்று துவண்டு படுத்துவிட்டது.

மந்தை எருமைகள் சுற்றி நின்றன. "பால் கொடுக்காதே மோழை! தண்ணியும் காட்டாதே! உள்ளே போனாத்தானே வெளியே வரும்?"

அந்த மந்தையில் காலங்காலமாக அப்படித்தான். பேதி என்றால் தண்ணீரை நிறுத்து! மோழையும் நிறுத்தியது. கன்று மடியைத் தேடித் தலையை நீட்டியபோது, மனமில்லாமல் விலகி நின்றது.

புதருக்குப் பின்னாலிருந்து ஒரு நரி வந்தது. காலையிலிருந்தே அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. சும்மாவா!

"சரியாத்தான் பண்றீங்க மோழையம்மா! ஒரு சொட்டுகூடக் கொடுத்துடாதீங்க. சாயங்காலத்துக்குள்ளே பேதி தானா நின்னுடும்!"

நிற்கும்தான். எப்படி நிற்கும் என்பதை மட்டும் அந்தக் கள்ளன் சொல்லவில்லை. மற்ற நாளில் நரியைக் கண்டாலே முட்ட ஓடும் மோழை அன்று தலையாட்டியது. நாம் நினைத்ததையே சொல்கிறவனை யார் சந்தேகப்படுகிறார்கள்?

அந்த நேரம் மஞ்சக்காலி உண்ணி தேடிச் சுட்டியின் கழுத்தில் இறங்கியது. தோலை அலகால் கவ்வி இழுத்து விட்டது. சட்டென்று அதன் பேச்சு நின்றது. இன்னொரு தடவை இழுத்து விட்டது.

"அக்கா! இங்கே பாரு! நான் தினமும் கொத்துற தோல் இது. இழுத்து விட்டா பட்டுனு படிஞ்சுடும். இன்னிக்கு மடிப்பு அப்படியே நிக்குது! கண்ணு குழி விழுந்துடுச்சு, நாக்கு காஞ்சு கெடக்கு. காலையிலேருந்து மூத்திரம் போச்சா?"

"இல்லையே!" என்றது மோழை.

"இதுக்குப் பேர் நீரிழப்பு அக்கா! உடம்புத் தண்ணியும் உப்பும் ஒழுகிப் போயிட்டிருக்கு. பானை ஒழுகுதுன்னு ஊத்துறதை நிறுத்தினா ஓட்டை அடைபடுமா? பானைதான் காலியாகும்! பேதியைவிட இந்த வறட்சிதான் ஆளைக் கொல்லும்!"

"உண்ணி பொறுக்குறதெல்லாம் வைத்தியம் சொல்லுதே!" என்று நரி இளித்தது.

"பொறுக்குறவதான்! போன கோடையிலே ரெண்டு மான்குட்டி முதுகிலே பொறுக்கினேன். ரெண்டுக்கும் இதே பேதி, ரெண்டு தோலும் இதே மாதிரி நின்னுச்சு. தண்ணி கிடைக்காத குட்டி செத்துப்போச்சு. ஊத்துத் தண்ணி குடிச்சு உப்புப் பாறையை நக்கின குட்டி இன்னிக்கும் ஓடுது!"

மோழை கன்றைப் பார்த்தது. அதன் கண்கள் மூடிக்கொண்டிருந்தன. "சொல்லுடி, என்ன செய்யணும்?" என்றது.

பக்கத்தில் ஒரு பாறைக் குழி. அதில் ஊற்றுத் தண்ணீர் தெளிவாக நின்றது. மோழை கன்றை மூக்கால் நெட்டி நெட்டிக் குழி ஓரம் சேர்த்தது. மஞ்சக்காலி தித்திப்பான இலுப்பைப் பூக்களைக் கொண்டுவந்து தண்ணீரில் பிழிந்துவிட்டது. உப்புப் பாறையிலிருந்து துளித்துளியாகக் கொத்திவந்து கலந்தது.

"இன்னும் போடேன், சீக்கிரம் குணமாகட்டும்!" என்று மோழை தவித்தது.

"ஐயோ, கூடாது! உப்பு கூடினா அதுவே விஷம்!" மைனா பறந்து மோழையின் முகத்தில் உட்கார்ந்தது. கன்னத்தில் வழிந்த கண்ணீரை ஒரு சொட்டு ருசி பார்த்தது. பிறகு குழித் தண்ணீரை ருசி பார்த்தது. "உன் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது அக்கா. இதுதான் அளவு. கொடு!"

சுட்டி ஆவலாகக் குடித்தது. குடித்ததையெல்லாம் வாந்தியும் எடுத்தது!

"நான்தான் சொன்னேனே!" என்று நரி குதித்தது. எருமைகள் முணுமுணுத்தன.

மஞ்சக்காலி அசரவில்லை. "கொஞ்ச நேரம் பொறு. இனிமே ஒவ்வொரு மடக்கா கொடுப்போம். நடுவிலே உன் பாலையும் கொடு."

ஒரு மடக்கு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு மடக்கு. பேதி உடனே நின்றுவிடவில்லை. ஒவ்வொரு தடவை போனபோதும் மறுபடியும் கொடுத்தன. அந்தச் சின்னப் பறவை அன்று ஒரு உண்ணிகூடத் தின்னவில்லை. உச்சி வெயிலில் பூவுக்கும் உப்புக்குமாகப் பறந்து பறந்து அலகு வலித்தது, விடவில்லை. அதுவல்லவா மனசு!

பொழுது சாய்கிற நேரம். சுட்டி தள்ளாடி எழுந்தது. காலை அகட்டி நின்றது. மூத்திரம் பெய்தது!

"போயிடுச்சு! போயிடுச்சு!" என்று மந்தை மொத்தமும் கூத்தாடியது. மஞ்சக்காலி ஓடிப்போய்க் கழுத்துத் தோலை இழுத்து விட்டது. பட்டென்று படிந்தது!

மோழை திரும்பி நரியைப் பார்த்தது. கொம்பில்லாவிட்டால் என்ன, மண்டை இருக்கிறதே! விழுந்த முட்டில் நரி புதரைத் தாண்டிப் போய் விழுந்து, எழுந்து ஓடியே போனது.

"உன் பேச்சை ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டேனாடி!" என்று மோழை அழுதது.

"அழாதே அக்கா! உப்பு அளவுதான் பார்த்தாச்சே!" என்றது மஞ்சக்காலி. சொல்லிவிட்டு மறுபடி பேச ஆரம்பித்தது. இந்தத் தடவை மந்தையே வாயை மூடிக்கொண்டு கேட்டது.

பேதியால் வாடும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஊர் வழக்கத்தை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட, தொட்டுப் பார்த்து அறிந்தவர் சொல்லைக் கேட்பதே உயிரைக் காக்கும்.