பிடிக்க முடியாத மூச்சு

இருநூறு நோயாளிகளின் இதயப் படங்களில் நாற்பத்தொன்றை தஸ்லிமா ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த ஃபோல்டருக்கு அவள் வைத்த பெயர் ‘குப்பை’. ஒதுக்கியது அவள்கூட இல்லை, அவள் எழுதிய புரோகிராம். கலங்கலான படம் வந்தால் அதுவே தள்ளிவிடும். மிச்சப் படங்களில், இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை சரியாகச் சொல்லிவிடும்.

கட்டுரையை மாலை ஐந்துக்குள் மாநாட்டுக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் முனைவர் பட்டம் இன்னொரு வருஷம் இழுக்கும். பட்டம் வாங்கட்டும் என்று அவளுடைய நிக்காஹ் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது.

பேராசிரியை சிவகாமசுந்தரி எந்தக் கட்டுரையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். ஓர் அடிக்குறிப்பில் அவர் விரல் நின்றது.

“இந்த நாற்பத்தொண்ணு?”

“கெட்டுப்போன படம் மேடம். எல்லாருமே இப்படி ஒதுக்கறதுதான்.”

“எது கெட்ட படம்?”

“அசைஞ்ச படம். பதினஞ்சு நொடி மூச்சைப் பிடிங்கன்னு சொல்றோம். நடுவுல விட்டுடறாங்க. சொன்னா கேட்டாத்தானே?”

“அதையும் சேர்த்தா?”

தஸ்லிமா தரையைப் பார்த்தாள். “நூத்துக்கு எழுபத்தெட்டு.”

பேராசிரியை திட்டவில்லை. “நாலு வருஷமா ஊரார் இதயத்தைப் பார்க்கிறே. உன்னோடதைப் பார்த்திருக்கியா?”

“இல்லை மேடம்.”

“வா.”

எம்.ஆர்.ஐ. அறை அடித்தளத்தில் இருந்தது. தஸ்லிமா ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டாள். தலைத்துணியின் ஊசிகளைக் கழற்றித் தட்டில் வைத்தாள். இயந்திரத்தை இயக்கும் எட்வினிடம் பேராசிரியை தணிந்த குரலில் ஏதோ சொன்னார். எட்வினின் புருவம் ஏறி இறங்கியது.

“உள்ள போய்த் தூங்கிடாத தங்கச்சி. குறட்டை விட்டா அதுவும் படத்துல விழும்.”

குழாய்க்குள் வெள்ளையும் குளிரும். காதில் எட்வினின் குரல்: “மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே பிடிங்க.”

இயந்திரம் தட்டத் தொடங்கியது. அவள் எண்ணினாள். பதினைந்து. தட்டல் நிற்கவில்லை. இருபது. அண்ணன் மறந்துவிட்டாரா? இருபத்தைந்தில் காது இரைந்தது, வயிறு தானாக எக்கியது. இருபத்தேழில் வாய் திறந்துகொண்டது. அவள் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் எட்வினிடம் பாய்ந்தாள். “நிறுத்த மறந்துட்டீங்களாண்ணே?”

“நாற்பது நொடி வைக்கச் சொன்னாங்கம்மா.”

ஏன் என்று கேட்கப் பேராசிரியையின் பக்கம் திரும்பினாள் தஸ்லிமா. திரையில் அவளுடைய இதயம் இருந்தது. விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. யாரும் ஏவாமல், அவளே ஒரு நாளும் நினைத்துப் பார்க்காமல், இத்தனை வருஷமும் இருட்டுக்குள் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஓரங்கள் மட்டும் ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளிந்தன.

“சுப்ஹானல்லாஹ்,” என்றாள் உதட்டுக்குள்.

“உன் புரோகிராமுக்குக் காட்டு,” என்றார் பேராசிரியை.

காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் அது குப்பையில் போய் விழுந்தது. நாற்பத்திரண்டு. எட்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்.

“நான் வேணும்னு விடல மேடம். முடியல.”

சொன்ன சொல் அவள் காதிலேயே திரும்பி விழுந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒதுக்கிய நாற்பத்தொரு பேரின் மருத்துவக் குறிப்புகளை முதல் முறையாக ஒவ்வொன்றாகத் திறந்தாள். ‘நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.’ ‘படுத்தால் மூச்சு முட்டுகிறது.’ ‘தூங்க மூன்று தலையணை வேண்டும்.’ ‘உட்கார்ந்தே தூங்குகிறார்.’

ஒன்று விடாமல் படித்து முடிக்கும்போது மணி மூன்றரை. பேராசிரியை எழுந்து போகவில்லை.

“இன்னிக்கு அனுப்ப முடியாது மேடம்.”

பேராசிரியை தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“நிக்காஹ் விஷயத்தை அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

முதல் படத்தைத் திறந்தாள். பெயர் கிடையாது, ஓர் எண். ஆண், வயது அறுபத்திரண்டு. ஊதிப் பெருத்த இதயம். நிழலுக்கு மேல் நிழலாகக் கலைந்து கிடந்தது. அந்தக் கலக்கத்துக்குள்ளும் தளராமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல ஒண்ணுமே தெரியலையே மேடம். எதை வெச்சு ஆரம்பிக்கிறது?”

பேராசிரியை திரையருகே குனிந்தார்.

“மூச்சு விட்டிருக்கார் பாரு. அது தெரியுதுல்ல?”