ஏரி வண்டலில் ஒரு கல்

பனிமலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. மனிதர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பு அங்கே ஒரு பனிப்பாறை ஆற்றை மறித்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் தண்ணீர் தேங்கி ஏரியானது. பிறகு பனி உருகியது, ஏரி வடிந்தது. அடியில் படிந்திருந்த வண்டல்தான் இப்போது வயல்.

அந்த மண்ணைச் சல்லடையில் போட்டால் மேலே எதுவும் மிஞ்சாது. மாவு போல இறங்கிவிடும். கல் கிடையாது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விடும். பார்லியும் பட்டாணியும் நன்றாக வரும்.

பள்ளத்தாக்கின் மேல்கோடியில் பிக்குணிகளின் மடம் ஒன்று இருந்தது. தலைவி சம்தென். பிக்குணிகளை அத்தை என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மடத்து வயலைப் பார்த்துக்கொண்டு வெளியே ஒரு குடிசையில் இருந்த ரிக்சினும் அவரை அப்படித்தான் அழைத்தார். ரிக்சினுக்கு அறுபத்தொன்று. சம்தெனுக்கு ஐம்பது. அவர் பதிலுக்கு இவரை அண்ணா என்பார். இது என்ன உறவுமுறையோ என்று சமையற்கட்டில் சிரிப்பார்கள்.

ரிக்சின் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஆண்கள் மடம் இருந்தது. அங்கே போய்த் தலை மழித்துக்கொள்ள சம்தெனின் கடிதம் வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்பார். சம்தென் மறுத்ததும் இல்லை, எழுதியதும் இல்லை. இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் கத்தியே தேவைப்படாது என்று சமையல் பார்க்கும் பிக்குணி அவர் தலையைப் பார்த்துச் சொல்வாள்.

அந்த வருடம் பனி விலகி வழி திறந்ததும், பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் ரிக்சினின் சொந்த ஊரான கீழூரிலிருந்து கோவேறு கழுதைக்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். ரிக்சினின் இறந்துபோன தம்பி நம்கியாலின் மனைவி பல்மோ சொல்லி அனுப்பியிருந்தாள். நம்கியால் போனதிலிருந்து கரையோர வயல் தரிசாகக் கிடக்கிறது. ஐந்தாவது வருடமும் நம் முறைக்கு வரும் தண்ணீரை எடுக்காவிட்டால் ஊர் அந்த முறையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடும். இன்னும் பத்து நாளில் நம் முறை. எனக்கு முழங்கால் மடங்கவில்லை. நீங்கள் வந்து மடையைத் திறக்க வேண்டும்.

ரிக்சின் நேரே சம்தெனிடம் போய்ச் செய்தியைச் சொன்னார். கடிதம் இன்றே வேண்டும் என்றார். துறவிக்கு வயலும் இல்லை, உறவும் இல்லை என்று கழுதைக்காரரிடம் பதில் சொல்லி அனுப்பிவிடலாம்.

கழுதைக்காரர் எப்போது திரும்புகிறார் என்று சம்தென் கேட்டார். சாப்பிட்டதும் கிளம்புவார் என்றார் ரிக்சின்.

"நேரம் இருக்கிறது. ஆறு நம் கரையை அரித்திருக்கிறது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள், அண்ணா."

மடத்து வயலுக்குக் கீழே ஆறு கரையைச் செங்குத்தாக வெட்டியிருந்தது. இரண்டு ஆள் உயரம். சம்தென் அதன் அடியில் போய் நின்றார். ரிக்சின் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். கரையின் விளிம்பை வெகுநேரம் பார்த்தார். விரிசல் இல்லை. முகப்பில் கசிவு இல்லை. பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

முகப்பைச் சீவச் சொன்னார் சம்தென். ரிக்சின் சீவினார். உதிரி மண் விழுந்ததும் உள்ளே பட்டை பட்டையாகத் தெரிந்தது. வெளிர்நிறத்தில் ஒன்று, கருப்பாக மெல்லியதாய் ஒன்று. வெளிர்ப்பட்டை கோடையில் ஓடை கொண்டுவந்த வண்டல். கருப்புக்கோடு, ஏரி உறைந்திருந்தபோது அடியில் மெல்லப் படிந்த களிமண். இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். அது ரிக்சினுக்கும் தெரியும்.

மண்வெட்டி எதிலோ இடித்தது.

கையால் மண்ணை விலக்கினார். ஆட்டுத்தலை அளவில் ஒரு கல்.

"நாற்பது வருடம் இந்தப் பள்ளத்தாக்கு மண்ணை உழுதிருக்கிறேன். ஒரு கல்லைப் பார்த்ததில்லை."

"ஏரியில் பனிக்கட்டி மிதந்து வந்திருக்கும். உருகியதும் அதற்குள் இருந்தது விழுந்திருக்கும்."

கல்லுக்கு அடியில் பட்டைகள் வளைந்து, நடுவே கிழிந்திருந்தன. ரிக்சின் அந்தக் கிழிசலில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

"நம்கியால் மேல் கரை தானாகச் சரியவில்லை, அத்தை."



நான்கு வருடமாகச் சொல்லாததை ரிக்சின் அப்போது சொன்னார். பழைய ஊற்று வாய்க்காலில் தண்ணீர் எப்போதும் போதாது. தம்பி இறந்த வருடம்தான் பனியாற்றிலிருந்து ஊருக்குப் புதுக் கால்வாய் வந்தது. முதல் முறை அவருடையது. காலையில் மடையைத் திறந்தார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, மேலே நிற்கவில்லை. இன்னும் தாகம் தீரவில்லை என்று நினைத்தார். மதியம் தாண்டியும் மடையை அடைக்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கி, ஆழத்தில் ஒரு களிமண் கோட்டைத் தொட்டு, பக்கவாட்டில் ஓடிக் கரையைத் தளர்த்தியது. நம்கியால் கரையின் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நிற்கவில்லையே, நிற்கவில்லையே என்று விட்டுக்கொண்டே இருந்தேன். அது எல்லாம் அவன் தலைக்கு மேலேதான் சேர்ந்துகொண்டிருந்தது."

சம்தென் அவர் பக்கம் திரும்பினார்.

"பல்மோவுக்குத் தெரியுமா?"

"கரை சரிந்தது என்றுதான் எல்லோருக்கும் தெரியும். காரியம் முடிந்த மறுநாள் நான் இங்கே வந்துவிட்டேன்."

ரிக்சின் கல்லைப் பார்த்தபடியே கேட்டார்.

"இது என்னைவிட்டு எப்போது போகும், அத்தை?"

"கல்லுக்கு மேலே பாருங்கள்."

பார்த்தார். கல்லை ஒட்டியிருந்த பட்டை அதன்மேல் கூனிக்கொண்டு படிந்திருந்தது. அடுத்ததும் கூனியிருந்தது, கொஞ்சம் குறைவாக. ரிக்சின் கோடு கோடாக விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனார். நடுவே ஒருமுறை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நாற்பத்தாறாவது கோடு நேராக இருந்தது. அதற்கு மேலே எல்லாமே நேர்தான், விளிம்பில் பார்லி முளை வரைக்கும்.

"நாற்பத்தாறு வருடம்" என்றார். "எனக்கு அவ்வளவு காலம் கிடையாது."

"எண்ணியது நீங்கள். ஏரி எண்ணவில்லை."

ரிக்சினுக்குச் சட்டென்று கோபம் வந்தது. மண்வெட்டியைக் கல்லின் இடுக்கில் செருகினார்.

"பிடுங்கிப் போட்டுவிட்டால்?"

"உங்கள் விருப்பம்."

நெம்பினார். கல் அசைந்தது. மேலே இருந்த நாற்பத்தாறு வருடத்திலிருந்தும் மண் சரசரவென்று இறங்கி அவர் புறங்கையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். விளிம்பில் வேர்கள் ஆடிக்கொண்டிருந்தன. மண்வெட்டியை மெல்ல உருவிக் கீழே வைத்தார். ஈர மண்ணை அள்ளி இடுக்கை அடைத்து, உள்ளங்கையால் அழுத்திக் கெட்டிப்படுத்தினார்.

வேலை முடியும்வரை சம்தென் காத்திருந்தார்.

"கடிதம் எழுதித் தருகிறேன், அண்ணா. இந்தமுறை தள்ளிப்போடவில்லை. உங்கள் வயலுக்கு யார் தண்ணீர் விடுவார்கள்?"

"பல்மோவின் மருமகன் இருக்கிறான். போன இலையுதிர்காலத்தில்தான் கல்யாணம் ஆனது. நான் போகாவிட்டால் அவன் திறப்பான். நல்ல உழைப்பாளி என்று கழுதைக்காரர் சொன்னார்."

"எந்த ஊர்?"

"கணவாய்க்கு அந்தப் பக்கம். கல்லும் சரளையுமான நிலம்."

"அங்கே எவ்வளவு நேரம் விடுவார்கள்?"

"காலையில் திறந்தால் பொழுது சாயும்வரை. சரளையில் அப்படி விட்டால்தான்…"

பாதியில் நிறுத்தினார்.

"நம் மண்ணில்?"

ரிக்சின் தாழ்ந்த குரலில் சொன்னார். வயலில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி போட வேண்டும். மேலே பார்க்கக்கூடாது, குழிக்குள்தான் பார்க்க வேண்டும். அங்கே ஈரம் வந்ததும் மடையை அடைத்துவிட வேண்டும். மேல்மண் காய்ந்த மாதிரி இருந்தாலும் அடைத்துவிட வேண்டும்.

"இது எப்படித் தெரியும்?"

"அந்த நாளுக்குப் பிறகுதான் தெரியும்."

சம்தென் குனிந்து மண்வெட்டியை எடுத்தார். ஒட்டியிருந்த வண்டலைக் கட்டைவிரலால் வழித்தார்.

"கீழூரில் இதை யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?"

ரிக்சின் அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கழுதைக்காரர் கிளம்பிவிடுவாரே என்று மடத்தை நோக்கி வேகமாக ஏறினார்.