குலுக்கிப் போட்ட பெயர்கள்

கொள்ளிடத்தில் வந்த வெள்ளம் குடிசைகளை வாரிக்கொண்டு போனபின், கரைமேட்டு ஆசிரமம் ஊராருக்கு ஐம்பது வீடுகள் கட்டியது. வீடில்லாதவர்களோ அதைப்போல் நான்கு மடங்கு. குலுக்கல்தான் நியாயம், அதுவும் ஆசிரமத்தின் குரு நிறைமதி அம்மாவின் கண்முன் நடந்தால் போதும் என்று ஊர் ஒப்புக்கொண்டது.

பொறுப்பு பொன்னம்பலவாணனிடம் வந்தது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். தன்னைவிட வயதில் இளையவரான நிறைமதி அம்மாவைக் குருவாக ஏற்று ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். பெயர்களையெல்லாம் எக்செல்லில் ஏற்றி, அதில் ஏதாவது ஒரு பெயரை எடுத்துத் தரும்படி அமைத்திருந்தார்.

குலுக்கல் நாளன்று விடிவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் பேச்சும் சிரிப்பும். அவருக்கும் கால் தரையில் பாவவில்லை. ஒத்திகை பார்த்தார். ஒரே பெயர் இரண்டு முறை வந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பூஜை அறைக்கு ஓடினார்.

“அம்மா, வந்த பெயரே திரும்ப வருகிறது. ஒருவருக்கே இரண்டு வீடு என்றால் ஊர் சும்மா விடுமா?”

அம்மா பூத்தட்டை நீட்டினார். “கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுங்கள்.”

இதழ் கிழிந்த செவ்வரளி ஒன்று வந்தது.

“தட்டிலேயே போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.”

நாலைந்து தடவை எடுத்தார். அதே கிழிந்த அரளி மறுபடியும் கைக்கு வந்தது.

அம்மா தட்டை வாங்கித் தரையில் கவிழ்த்தார். பூக்கள் மூலைக்கொன்றாகச் சிதறின.

“வாசலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாருங்கள்.”

குனிந்து பொறுக்கியவரின் கை பாதியில் நின்றது. “அம்மா, பொறுக்கிய பூ தரையில் இல்லை. அது எப்படித் திரும்ப வரும்? முதலில் எல்லோரையும் கலைத்துவிட வேண்டும். பிறகு வரிசையாக எடுத்தால் போதும்.”

“அப்படியே நடத்திவிடுங்கள்.”

பூக்களுக்கு நடுவே உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கணினியே தன் போக்கில் ஓர் எண்ணைப் போடும்படி செய்து, அந்த எண்ணின்படி அடுக்கினார். பெயர்கள் முன்பின்னாகக் கலைந்து வந்து நின்றன. மேலிருந்து ஐம்பது பேர். ஒரு பெயர்கூட இரண்டாம் முறை இல்லை. சந்தோஷத்தில் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனார்.

ஐம்பத்தோராவது பெயரில் கண் நின்றது. மாரீஸ்வரி. கைக்குழந்தையோடு தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பவள். தினமும் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பவரே அவர்தான்.

இன்னொரு முறை ஒரு பொத்தானை அழுத்தினால் எண்கள் எல்லாம் மாறிவிடும்.

“அம்மா, மறுபடி ஒரு தடவை அடுக்கட்டுமா? மாரீஸ்வரி ஒரு படி மேலே வந்தால் போதும்.”

“அவள் மேலே வந்தால் யார் கீழே போவார்?”

“அது தெரியாது, அம்மா.”

முற்றத்தில் ஆரவாரம் கூடிக்கொண்டே போனது.

“கீழே போகிறவருக்கும் தெரியாது” என்றார் அம்மா. “வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார். போய் அவர் பெயரைப் படியுங்கள்.”