வீரணன் முதுகில் வந்த கரடி

முன்னொரு காலத்தில் வெண்கரை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதற்கும் பக்கத்து ராஜ்ஜியத்துக்கும் ஏழு வருஷம் சண்டை. சண்டை ஓய்ந்ததும் ஈட்டிப்படை வீரன் வீரணன் வீடு திரும்பினான். கை இருந்தது, கால் இருந்தது, கண் இரண்டும் இருந்தன. மனைவி நாகவல்லி ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தாள்.

மூன்றாம் நாள் காலை, அவள் கைதவறி ஒரு தாம்பாளம் விழுந்தது. வீரணன் ஒரே பாய்ச்சலில் கதவுக்குப் பின்னால் பதுங்கினான். கையில் ஈட்டி. எதிரே நிற்பது மனைவி என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அன்றோடு நாகவல்லி வெண்கலப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றினாள். உரலில் இடிப்பதை நிறுத்தினாள். உறவுக்காரர்களை வரவேண்டாம் என்றாள். அப்படியும் அவன் பதுங்கினான். "கைகால் நல்லாத்தானே இருக்கு, அவனுக்கென்ன குறை?" என்றது ஊர்.

ஒருநாள் மத்தியானம் தெருவில் ஒரு வண்டி கடகடவென்று போயிற்று. வீரணன் அப்போது வீட்டில் இல்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் யாரோ ஒளிந்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் மகள் செவ்வந்தி! ஆறு வயசு. போர்க்களத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நாகவல்லி அப்போதே கிளம்பினாள். மூன்று மலை தாண்டி, கூகையன் என்ற மந்திரவாதியின் குகைக்குப் போனாள்.

"சண்டை நடந்த ஏழு வருஷத்தையும் மறக்கடிக்கட்டுமா?" என்றான் கூகையன்.

"என் மக பிறந்தது அந்த ஏழு வருஷத்துலதான் சாமி. வேண்டாம்."

"அவனைக் கல்லாக்கட்டுமா? கல்லுக்குப் பயமில்லை."

"பிள்ளையைத் தூக்காத கல் எனக்கெதுக்கு? வேண்டாம்."

"அப்படியானால் இந்த மையைக் கண்ணில் தீட்டிக்கொண்டு போய்ப் பார். தெரிவதோடு பேசு. கூலி உன் சிரிப்பு."

"அது எங்க வீட்டைவிட்டுப் போய் எத்தனையோ மாசமாச்சே."

மந்திரவாதி அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மைச்சிமிழைச் சும்மாவே கொடுத்தான்.

மை தீட்டிப் பார்த்தாள். வீரணன் முதுகில் பெரிய கருங்கரடி ஒன்று உட்கார்ந்திருந்தது!

"இறங்கு!" என்றாள்.

"ஏன் இறங்கணும்?" என்றது கரடி. "குனி என்றேன், குனிந்தான். ஓடு என்றேன், ஓடினான். திரும்பாதே என்றேன், திரும்பவில்லை. மூன்று தடவை இவன் உயிரைக் காப்பாற்றினது நான்."

"சண்டைதான் முடிஞ்சுபோச்சே!"

"முடிஞ்சுதா? என்கிட்ட யாரும் சொல்லலையே."

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆகாது. அன்னைக்கு யாரை விட்டுட்டு ஓடினான்னு அவன் வாயாலே மூன்று தடவை சொல்லட்டும்."

நாகவல்லி மகளைப் பார்த்தாள். செவ்வந்தியின் தோளில் ஒரு குட்டிக் கரடி. அண்டாத் தண்ணீரில் குனிந்து பார்த்தாள். அவள் தோளிலும் ஒன்று.

"என்னங்க, கொஞ்சம் கண்ணைக் காட்டுங்க" என்று கணவன் கண்ணிலும் மை தீட்டினாள். அவன் முதலில் பார்த்தது மகள் தோளில் இருந்ததைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கரடி கேட்டதை நாகவல்லி அவனிடம் சொன்னாள்.

அன்று அவன் வாயில் கூடச் சண்டைபோட்ட ஒருவன் பெயர் மட்டும் வந்தது. "மாசாணன்." கரடி கன்றுக்குட்டி அளவுக்குச் சிறுத்தது.

மறுநாள், "ஆற்றுச் சேற்றிலே மாசாணன் கால் மாட்டிக்கிச்சு" என்றான். கரடி நாய் அளவானது.

மூன்றாம் நாள் சொல்லவந்து சொல்லவந்து நிறுத்தினான். நாகவல்லி அவசரப்படுத்தவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாசாணன் 'அண்ணே'ன்னு கூப்பிட்டான். எனக்குக் கேட்டுச்சு. நான் திரும்பலை."

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்துக் கரடியைப் பார்த்து, "சண்டை முடிஞ்சுபோச்சு, போ" என்றான்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று முனகிக்கொண்டு கரடி இறங்கி நடந்தது. குட்டிகள் இரண்டும் பின்னாலேயே ஓடின. வீட்டைப் பிடித்திருந்த பயக்கட்டு அவிழ்ந்தது. அதன் பிறகும் வீரணன் எப்போதாவது திடுக்கிடுவான். திடுக்கிட்டால், "முடிஞ்சுபோச்சு" என்று தானே சொல்லிக்கொள்வான்.

ஒரு வாரம் கழித்து மேலத்தெருக் காத்தாயி வந்தாள். அவள் கணவனும் படையிலிருந்து வந்தவன்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் சோத்துத்தட்டை எடுத்துக்கிட்டுப் போய் மாட்டுக்கொட்டகையிலதான் சாப்பிடறார். யார்கிட்டயும் பேசறதில்லை."

நாகவல்லி மைச்சிமிழை எடுத்தாள். வீரணன், "நானும் வரேன்" என்று எழுந்தான். கொட்டகைக்குள் போய், வைக்கோல்மேல் அந்த மனிதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என் முதுகிலே இருந்தது கரடி, தம்பி. உன்னுது என்னன்னு மெதுவாச் சொல்லு."

இப்படி அவர்கள் இரண்டு பேரும் பதினெட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பதினெட்டு வீட்டிலும் பிள்ளைகள் அப்பாவோடு உட்கார்ந்து சோறு தின்றன. அவ்வளவுதான் கதை.